கைப்பேசிக்குள் ஒரு மந்திரப் பண்ணை, கண்ணெதிரே கம்பம் பள்ளத்தாக்கு: தெரியுமா?

விதை போட்ட நாலாம் நாளே கிழங்கு பிடுங்கலாம். மழை பெய்தால் அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலையே கிடையாது. நீங்கள் அசந்து தூங்கும் ராத்திரியில் ஒரு தேவதை பறந்து வந்து, தோட்டத்தின் ஒரு மூலையை விடிவதற்குள் விளைய வைத்துவிட்டுப் போகும். காட்டோரக் கோபுரத்தில் ஒரு மந்திரவாதி குடியிருப்பார். இடிந்த கட்டடத்துக்குள் கைப்பிடி உயரப் பூதங்கள் குதித்து விளையாடும். இப்படி ஒரு பண்ணை இருக்கிறது! உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது! 'ஸ்டார்டியூ வேலி' என்பது அதன் பெயர்.

இந்த விளையாட்டை நான் முதன்முதலாகத் திறந்தது தேனி மாவட்டம் கூடலூரில். திரையிலிருந்து கண்ணை எடுத்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. தெருக்கோடி வரை நடந்தால் திராட்சைப் பந்தல். விளையாட விளையாட எனக்குள் ஏறிக்கொண்டே போனது ஒரே ஒரு வியப்புதான்: இதில் மந்திரம் என்று காட்டுகிறவற்றில் பாதியை இந்த ஊர் மந்திரமே இல்லாமல் செய்துகொண்டிருக்கிறதே! நம்ப முடியவில்லையா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

ஒரு ஊரையே ஒரே ஆள் கட்டினார், தெரியுமா?

இந்த விளையாட்டில் ஒரு முழு ஊர் இருக்கிறது. மருத்துவர், கொல்லர், மீனவர், தச்சர், பள்ளிப் பிள்ளைகள் என்று அத்தனை பேர். ஒவ்வொருவருக்கும் பிறந்தநாள் உண்டு, பிடித்த சாப்பாடு உண்டு, மனசுக்குள் பூட்டி வைத்த துக்கமும் உண்டு. இதை உருவாக்க எத்தனை நூறு பேர் உழைத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரே ஒருவர்! அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த எரிக் பரோன். கணினி அறிவியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த இளைஞர். நிரல், ஓவியம், இசை, கதை, வசனம் எல்லாமே அவர் ஒருவர் கைவேலை. ஏறத்தாழ நாலரை ஆண்டு வீட்டில் உட்கார்ந்து செய்தார். செலவுக்கு ஓர் அரங்கில் பகுதிநேரமாக வேலை பார்த்தார். மனசுக்குப் பிடிக்காத ஓவியங்களை அழித்து அழித்து மறுபடி வரைந்தார்.

2016 பிப்ரவரி 26 அன்று விளையாட்டு வெளியானது. இரண்டே மாதத்தில் 10 லட்சம் பிரதிகள்! 2024 முடிவதற்குள் 4 கோடிக்கும் மேல்! ஒற்றை ஆள் விதைத்தது உலகமெங்கும் முளைத்துவிட்டது.

முதல் நாள் கையில் என்ன இருக்கும், தெரியுமா?

கதை இப்படித் தொடங்குகிறது. பெரிய நகரம், பெரிய கம்பெனி, மூச்சுவிட நேரமில்லாத வேலை. மேஜை இழுப்பறையில் தாத்தா எழுதி வைத்துவிட்டுப் போன கடிதம். வாழ்க்கை பாரமாகும் நாளில் இதைப் பிரித்துப் பார் என்று கொடுத்தது. பிரித்தால், உள்ளே அவருடைய பழைய பண்ணையின் உரிமை! வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய் இறங்கினால் அங்கே கல்லும் களையும் முள்ளும் மரக்கட்டையுமாகக் கிடக்கிறது நிலம். கையில் 500 காசு. ஊர்த் தலைவர் அன்பளிப்பாகக் கொடுத்த 15 பார்ஸ்னிப் விதை. பார்ஸ்னிப் என்பது கேரட்டின் உறவான வெள்ளைக் கிழங்கு. அவ்வளவுதான் முதலீடு!

மண்வெட்டியால் கொத்த வேண்டும், விதை போட வேண்டும், பூவாளியில் தண்ணீர் மொண்டு ஒவ்வொரு குழிக்கும் ஊற்ற வேண்டும். பத்து குழி கொத்தினாலே உடம்பில் தெம்பு குறையத் தொடங்கும். திரையோரத்தில் இருக்கும் தெம்புக் கோடு அதைக் காட்டிக்கொண்டே இருக்கும். வெறும் விரலால் விளையாடுகிற ஆட்டத்தில், பாடுபட்டால் அலுப்பு வரும் என்பதை இவ்வளவு நேர்மையாக வைத்த அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது!

அங்கே ஒரு நாள் நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 14 நிமிடத்தில் ஓடிவிடும். காலை 6 மணிக்கு விழித்தால் நள்ளிரவு 2 மணிக்குள் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே மயங்கி விழ வேண்டியதுதான். பருவம் நான்கு, பருவத்துக்கு 28 நாள். ஒரு பருவத்துப் பயிரை அடுத்த பருவத்துக்குள் கொண்டுபோக நினைத்தால், விடிந்ததும் அத்தனையும் காய்ந்து கிடக்கும். பட்டம் தவறினால் நட்டம்! தாத்தா பாட்டி சொல்லியும் காதில் ஏறாத பாடத்தை ஒரே ராத்திரியில் ஏற்றிவிடுகிறது இந்த விளையாட்டு!

வருடம் பூராவும் திராட்சை கொய்யும் ஊர் எது, தெரியுமா?

விளையாட்டில் திராட்சை உண்டு. இலையுதிர் காலத்தில் நட்டால் பத்தாம் நாள் காய்க்கும். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை கொய்துகொண்டே இருக்கலாம். ஆனால் பருவம் முடிந்தால் கொடியும் முடிந்தது. எல்லாப் பருவத்திலும் திராட்சை வேண்டுமென்றால் ஒரு வழி, பாழடைந்து கிடக்கும் கண்ணாடி வீட்டைப் பழுது பார்ப்பது. அதற்காக நாள்கணக்கில் பாடுபட வேண்டும். கண்ணாடி வீடு கைக்கு வந்த கணம் விளையாடுகிறவர்கள் துள்ளிக் குதிப்பார்கள்!

இப்போது கூடலூருக்கு வாருங்கள். கண்ணாடி வீடு எங்கே? எங்கேயும் இல்லை! மேலே திறந்த வானம், மூன்று பக்கம் மலை, நடுவே ஆற்றுத் தண்ணீர். இந்தப் பள்ளத்தாக்கு முழுவதுமே இயற்கை எழுப்பிய கண்ணாடி வீடு! இந்தியாவின் மற்றப் பல பகுதிகளில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் திராட்சை அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் ஆண்டின் பன்னிரண்டு மாதமும் ஏதாவதொரு தோட்டத்தில் கத்தரிக்கோல் பழக்கொத்தை நறுக்கிக்கொண்டே இருக்கும்!

எப்படி நடக்கிறது இது? கவாத்தில் இருக்கிறது சூட்சுமம்! கொடியை வெட்டிவிட்டால் துளிர்த்து, பூத்து, காய்த்து, ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் தயார். இந்தத் தோட்டத்தில் இந்த மாதம் கவாத்து, பக்கத்துத் தோட்டத்தில் அடுத்த மாதம் கவாத்து என்று மாற்றி மாற்றிச் செய்வதால் பள்ளத்தாக்கில் பழம் ஓய்வதே இல்லை. தேவதை வர வேண்டாம், மந்திரவாதி வர வேண்டாம், கவாத்துக் கத்தி தெரிந்த கை போதும்!

இன்னொரு வேறுபாடும் கவனித்தேன். விளையாட்டில் திராட்சைக் கொடி ஏறிய கம்பு வரிசைக்குள் நுழைந்து போக முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். இங்கே கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல். கீழே நிழலில் நடந்துகொண்டே போகலாம், கருநீலக் கொத்துகள் நெற்றியில் இடிக்கும்!

இந்தப் பன்னீர் திராட்சை எங்கிருந்து வந்தது, தெரியுமா? மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம்தான் நம் நாக்கில் பன்னீர் திராட்சை. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது இதன் வரலாறு. இன்று தமிழ்நாட்டுப் பன்னீர் திராட்சையில் ஏறத்தாழ 85 சதவீதம் கம்பம் பள்ளத்தாக்கின் விளைச்சல். கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று ஊர் ஊராகப் பந்தல். திராட்சைக்காகவே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் ஆனைமலையன்பட்டியில் இயங்குகிறது. 2023இல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது!

மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பியது, தெரியுமா?

விளையாட்டில் முதல் வாரம் முழுக்கப் பூவாளியோடுதான் வாழ்க்கை. அதனால்தான் முதல் வசந்தத்தின் மூன்றாம் நாள் மழை கொட்டும்போது அவ்வளவு சந்தோஷம்! பிறகு தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி வரும். இன்னும் தேறினால் மழையை வரவழைக்கும் மந்திரக் கம்பமே செய்துகொள்ளலாம். தொட்டால் மறுநாள் மழை!

ஆனால் ஒன்றைச் சொல்லுங்கள். எந்த விளையாட்டிலாவது, அரபிக் கடலைப் பார்த்து ஓடும் ஓர் ஆற்றை நிறுத்தி, மலையைத் துளைத்து, இந்தப் பக்கம் திருப்பிவிட்டதைப் பார்த்திருக்கிறீர்களா? கூடலூர்க்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள்!

பெரியாறு மேற்கு நோக்கி ஓடும் ஆறு. மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளம், இந்தப் பக்கம் வறட்சி. திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் 1886 அக்டோபர் 29 அன்று குத்தகை ஒப்பந்தம் ஆனது. எத்தனை ஆண்டுக்கு, தெரியுமா? 999 ஆண்டு! 1887இல் பெரியாற்றில் அணை கட்டும் வேலை தொடங்கியது. பொறுப்பேற்றவர் கர்னல் ஜான் பென்னிகுக், 1841இல் புனேயில் பிறந்த ராணுவப் பொறியாளர். அடர்ந்த காடு, யானை, புலி, விஷக்காய்ச்சல், கட்டக் கட்ட அடித்துக்கொண்டு போகும் வெள்ளம். காய்ச்சலிலும் விபத்திலும் உயிர்விட்ட தொழிலாளர்கள் ஏராளம். சுண்ணாம்பும் செங்கற்பொடியான சுர்க்கியும் கல்லும் கொண்டு 176 அடி உயரத்துக்கு அணை எழுந்தது. 1895 அக்டோபரில் திறந்தார்கள்.

தண்ணீர் எப்படி இறங்குகிறது என்பதைக் கேட்டால் மெய்சிலிர்க்கும்! தேக்கடி ஷட்டரில் நுழைந்து, மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் ஓடி, ஃபோர்பே அணையில் தங்கி, அங்கிருந்து ராட்சதக் குழாய்களில் மலைச்சரிவு நெடுகப் பாய்ந்து, கூடலூரை ஒட்டிய லோயர் கேம்ப்பில் மின்நிலையத்தின் நான்கு இயந்திரங்களைச் சுழற்றுகிறது. மின்சாரம் கொடுத்துவிட்டு வெளியே வந்து ஆறாக ஓடுகிறது. குழாய்ப் பாதை தவிர இரைச்சல் பாலம் வழியாக இறங்கும் தண்ணீரும் உண்டு, அதன் சத்தம் தூரத்திலேயே காதில் விழும்! கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று வயல்களை நனைத்து, வைகையில் கலந்து, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் சேர்ந்து, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகிறது. திண்டுக்கல்லையும் சேர்த்தால் ஐந்து மாவட்டங்களுக்கு வாழ்வு கொடுக்கும் தண்ணீர்!

அதனால்தான் தேனி மாவட்டத்துப் பாலார்பட்டி மக்கள் ஜனவரி 15 அன்று, பென்னிகுக் பிறந்தநாளில், அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். 2013இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் வந்துவிட்டது. ஒரு பொறியாளருக்கு இந்த மரியாதை எங்கே கிடைக்கும்!

அரசாங்க வேளாண் தளமே விளையாட்டுக்கு வழிகாட்டி ஆனது, தெரியுமா?

மந்திரப் பண்ணை விளையாட்டுகளில் என்னைக் கூடலூர் வயலோரத்தில் கொண்டுபோய் நிறுத்திய இன்னொன்று ஜப்பானின் 'சகுனா'. 2020 நவம்பரில் வெளியானது. அறுவடைத் தெய்வம் ஒருத்தி மேலுலகத்திலிருந்து இறக்கிவிடப்பட்டு, தன் கையாலேயே நெல் விளைவிக்க வேண்டிய நிலைக்கு வருகிறாள். மண்ணைக் கிளறுவது, விதைநெல் பொறுக்குவது, நாற்று நடுவது, தண்ணீர் மட்டம் பார்ப்பது, களை எடுப்பது, அறுத்துக் காயப்போடுவது, கதிரடிப்பது, உமி நீக்குவது, எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்று தெரியாமல் திணறிய ஜப்பான் இளைஞர்கள் எங்கே தேடினார்கள், தெரியுமா? தங்கள் நாட்டு வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தில்! அங்கே உண்மையான உழவர்களுக்காக எழுதி வைத்திருந்ததைப் படித்து விளையாட்டில் ஜெயித்தார்கள்!

அந்த விளையாட்டில் விதை பொறுக்கும் கட்டம் வந்ததும் எனக்கு நம் ஊர் வழக்கம்தான் ஞாபகம் வந்தது. ஒரு பாத்திரத் தண்ணீரில் கோழிமுட்டையைப் போடுங்கள், மூழ்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் ஒரு கட்டத்தில் முட்டை மிதக்கும். அந்த உப்புக் கரைசலில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறையும் மேலே வந்துவிடும், முற்றிய விதை அடியில் தங்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி விதைக்க வேண்டியதுதான். வேளாண் விஞ்ஞானிகளே பரிந்துரைக்கிற முறை இது. கருவி ஒரு முட்டை!

கூடலூர் நெல்லுக்கும் ஒரு பெருமை உண்டு. லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. ஆண்டில் இரண்டு முறை நடவு, இரண்டு முறை அறுப்பு. அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் மாதத் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் திறந்துவிடுவது வழக்கம். தேக்கடியில் ஷட்டர் உயர்ந்தது என்று சேதி வந்ததும் கீழே நாற்றங்கால் வேலை சூடுபிடிக்கும். எந்தப் பூவாளி கொடுக்கும் இந்த ஆனந்தத்தை!

மறைந்த விதை திரும்பி வருகிற கதை, தெரியுமா?

ஸ்டார்டியூவில் மண்ணைத் தோண்டும்போது எப்போதாவது ஒரு புராதன விதை கிடைக்கும். அதை ஊர் அருங்காட்சியகத்தில் கொடுத்தால், முளைக்கக்கூடிய விதை ஒன்றைத் திருப்பித் தருவார்கள். நட்டால் 28 நாள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு வாரம் ஒரு பழம்! விளையாட்டிலேயே அருமையான செல்வங்களில் ஒன்று அது.

நம் நாட்டில் அந்த வேலையை உண்மையாகவே செய்த ஒருவர் இருந்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன்! இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரைப் பின்பற்றிக் கிளம்பியவர், 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்தார். விழாவுக்கு வரும் உழவருக்கு 2 கிலோ விதைநெல் இலவசம். நிபந்தனை ஒன்றே ஒன்று: அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்! கொடுக்கக் கொடுக்கப் பெருகும் வங்கி! 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் கொடுத்த விதை இன்னும் வயல்களில் கதிர் விட்டுக்கொண்டிருக்கிறது.

மாட்டையே தெய்வமாக வைத்த தொழுவம் எங்கே, தெரியுமா?

விளையாட்டில் காலையில் எழுந்ததும் கோழிக்கூட்டுக்கும் தொழுவத்துக்கும் போய் ஒவ்வொரு உயிரையும் தடவிக் கொடுக்க வேண்டும். தடவினால் தலைக்கு மேலே ஓர் இதயம் மலரும். நாள் தவறாமல் பாசம் காட்டினால்தான் பாலும் முட்டையும் உயர்ந்த தரத்தில் கிடைக்கும். மறந்துவிட்டால் மாடு முகம் வாடிவிடும்!

கூடலூருக்குப் பக்கத்தில், கம்பத்தில், இதற்கும் மேலே ஒரு படி! நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழு என்று ஓர் இடம். அங்கே பட்டத்துக் காளையைத்தான் தெய்வமாக வணங்குகிறார்கள். மாட்டுப் பொங்கல் அன்று சுற்றுவட்டாரமே திரண்டு வந்து தரிசிக்கிறது. கன்றுகளைக் காணிக்கையாகவும் கொண்டுவந்து விடுகிறார்கள்.

காக்கையும் வரும், யானையும் வரும், தெரியுமா?

விளையாட்டில் பயிருக்கு எதிரி காக்கை. ஒரு பொம்மையை நட்டுவிட்டால் அதைச் சுற்றி எட்டுக் கட்டம் வரை பயிர் பத்திரம். கூடலூர் உழவருக்கு எதிரிகள் அதிகம். பறவைக்கு வலை போட வேண்டும், காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க வேண்டும். 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகரத் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது! ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மலைக்கும் வயலுக்கும் நடுவே வேலி ஒன்றுமில்லாத ஊரில் விளைவிப்பது எவ்வளவு பெரிய துணிச்சல்!

வருடத்தில் ஒரே நாள் கூடும் திருவிழா, தெரியுமா?

விளையாட்டில் ஒவ்வொரு பருவத்துக்கும் திருவிழா உண்டு. அந்தத் தேதியைத் தவறவிட்டால் முழுசாக ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். நாட்காட்டியைப் பார்த்துப் பார்த்து நாள் எண்ணுவோம்!

கூடலூர் மலைமேல் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரை முழுநிலவு அன்று மட்டும் பக்தர்கள் ஏற அனுமதி! லோயர் கேம்ப் பக்கத்துப் பளியன்குடியிலிருந்து ஆறரைக் கிலோமீட்டருக்கும் மேல் செங்குத்தாகக் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். குமுளிப் பக்கத்திலிருந்து ஜீப் போகும். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஏற்பாடு செய்யும். மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் கேரளத்துக் காடு, இன்னொரு பக்கம் பச்சைப் பாயாக விரிந்த கம்பம் பள்ளத்தாக்கு!

இந்த விளையாட்டு வகையே ஊர் ஏக்கத்தில் பிறந்தது, தெரியுமா?

யசுஹிரோ வாடா என்ற ஜப்பானியர் மியாசாகி மாகாணத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். வேலைக்காகத் தோக்கியோ போனார். நகரத்து நெரிசலில் பிறந்த ஊர் கண்ணில் ஆடியது. சண்டை போடாமல், சுடாமல், விதைத்து விளையாடும் ஆட்டம் ஒன்றை உருவாக்கினால் என்ன என்று நினைத்தார். 1996 ஆகஸ்டில் 'ஹார்வெஸ்ட் மூன்' வந்தது! பத்தே வருடத்தில் மந்திரமும் வேளாண்மையும் கலந்த 'ரூன் ஃபேக்டரி' வந்தது. 2009இல் 'ஃபார்ம்வில்' வந்து முகநூலையே வயலாக்கியது. 2020 கடைசி நாளோடு அதை நிறுத்தினார்கள். எரிக் பரோன் சின்ன வயதில் ஹார்வெஸ்ட் மூனில் லயித்தவர், அந்த ஆசைதான் ஸ்டார்டியூவாக முளைத்தது. ஊரைவிட்டுப் போன ஒருவரின் ஏக்கம் எத்தனை கோடிப் பேரைத் தோட்டத்தில் இறக்கிவிட்டது, பாருங்கள்!

ஸ்டார்டியூ பல உலக மொழிகளில் கிடைக்கிறது. தமிழ் இன்னும் அந்தப் பட்டியலில் இல்லை. நம்மால் முடியாதா? முடியும் என்று காட்டியாகிவிட்டது! கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு, இட்லி, புட்டு, பிரியாணி! 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குத்தான்! சமையலறையை உலகம் விளையாடியது என்றால், கவாத்தையும் மடையையும் இருபோகத்தையும் விளையாடாதா?

எல்லாவற்றிலும் பெரிய மந்திரம் எது, தெரியுமா?

பச்சைப் பூதமா? மந்திரவாதியா? ராத்திரித் தேவதையா? இல்லவே இல்லை! வீட்டு வாசலில் இருக்கும் ஒரு மரப்பெட்டி!

விளைந்ததை அந்தப் பெட்டியில் போட்டுவிட்டுத் தூங்கினால், விடிந்ததும் பணம் கையில். முதல் வருடம் என்ன விலையோ, ஐந்தாம் வருடமும் அதே விலை. தரம் கூடினால் விலை கூடும், விளைச்சல் கூடினால் விலை சரியாது. பேரம் கிடையாது, கழிவு கிடையாது, வண்டி வாடகை கிடையாது. முதன்முதலாக அந்தப் பெட்டியைத் திறந்து மூடியபோது, விளையாட்டை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். கூடலூர் உழவருக்கு ஆற்றைத் திருப்பித் தந்தாயிற்று, பருவத்தைத் தாண்டிக் காய்க்கும் கொடி கிடைத்தாயிற்று, புவிசார் குறியீடும் வந்தாயிற்று. அந்த ஒரு பெட்டிதான் இன்னும் வரவில்லை! பன்னீர் திராட்சை பறித்த பிறகு நாள் தாங்காத பழம். இன்றைக்கு மண்டியில் என்ன விலை சொல்கிறார்களோ அதுதான் விலை. நான்கு மாதம் கொடியோடு கொடியாகக் கிடந்தவருக்கு அந்த ஒரு காலைதான் பரீட்சை.

அந்தப் பெட்டியை எந்த மந்திரவாதியும் கொண்டுவந்து வைக்க மாட்டார். வாங்குகிற நாம்தான் வைக்க வேண்டும்! ஆகவே, அன்பான வாசகர்களே, மூன்று வேண்டுகோள். வீட்டில் பிள்ளைகள் பண்ணை விளையாட்டு விளையாடினால் திட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் விதை போடுங்கள். அடுத்த விடுமுறையில் அவர்களைக் கூடலூருக்கு அழைத்து வந்து, தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு, பந்தலுக்குக் கீழே ஒருமுறை நடக்க விடுங்கள். கடையில் பன்னீர் திராட்சை வாங்கும்போது கம்பம் பள்ளத்தாக்குப் பழமா என்று கேட்டு வாங்குங்கள், கிலோவுக்குப் பத்து ரூபாய் குறை என்று பேரம் பேசாதீர்கள்!